பினாங்கில் எத்தனை சிலபிள்?

ஊரின் பெயரிலேயே கணக்கு உதைக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் 'பெ-னாங்' என்று இரண்டு துண்டாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். பாக்கு மரத்துக்கு மலாயில் 'பி-னாங்' என்று பெயர். தீவுக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான், அங்கும் துண்டு இரண்டு. தமிழர் வாய்க்கு வந்ததும் அது 'பி-னாங்-கு' என்று மூன்றாகிவிடுகிறது. 'ங்' என்ற எழுத்தோடு சொல் முடிவதைத் தமிழ் இலக்கணம் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டவைத்து, சொல்லுக்கு ஒரு கால் கொடுத்திருக்கிறோம். பஸ் 'பஸ்ஸு' ஆனதும் கார் 'காரு' ஆனதும் இதே பழக்கத்தால்தான்.

இப்படி வாய் ஒரே வீச்சில் சொல்லும் துண்டுக்குத்தான் ஆங்கிலத்தில் சிலபிள் என்று பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஓர் உயிரொலி இருக்கும். மெய்யொலிகள் அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். எண்ணிப் பார்க்க எளிய வழி ஒன்றைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்ல வேண்டும். தாடை எத்தனை முறை கையைத் தொடுகிறதோ அத்தனை சிலபிள். ஜார்ஜ் டவுனில் ஃபெரி ஏறி அக்கரை போகிறவர்கள் 'பட்டர்வொர்த்' என்று சொல்லிப் பார்க்கலாம். மூன்று முறை தட்டும்.

ஜார்ஜ் டவுன் பிள்ளைகளின் காதில் விழும் மொழிகள் ஒவ்வொன்றும் சொல்லை ஒவ்வொரு விதமாகத் துண்டு போடுகின்றன. மலாய் வாசிக்கக் கற்கும் பிள்ளைக்கு முதல் பாடமே துண்டுதான். 'சு-சு' என்றால் பால், 'மே-ஜா' என்றால் மேசை. (மலாயின் மேஜாவும் தமிழின் மேசையும் ஒன்றுபோல ஒலிப்பது தற்செயலில்லை, இரண்டும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை.) இந்தத் துண்டை மலாயில் 'சுக்கு காத்தா' என்பார்கள். 'சுக்கு' என்றால் கால் பங்கு, ஒரு பகுதி. 'காத்தா' என்றால் சொல். கஷாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீன எழுத்து இன்னும் சுலபம்: ஓர் எழுத்துக்கு ஒரு சிலபிள். ஹொக்கியன் பேசினாலும் மாண்டரின் பேசினாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. தமிழில் உயிரும் உயிர்மெய்யும் தாமாகவே துண்டுகளாக நிற்கின்றன. இந்த மூன்று மொழிகளிலும் எழுத்தைப் பார்த்தால் துண்டு தெரிந்துவிடும். தெரியாத மொழி ஒன்றே ஒன்றுதான், ஆங்கிலம்.

அந்த ஆங்கிலம் இங்கே பள்ளிக்கூடம் கட்டிக் குடியேறி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்ற பாதிரியார் 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்தான் தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலப் பள்ளி. ஃபார்குவார் தெருவில் அந்தப் பள்ளி இயங்கிய கட்டடம் பின்னாளில் மாநில அருங்காட்சியகமானது. பள்ளி 1928-இல் கிரீன் லேனுக்குப் போய்விட்டது. மலேசியாவின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும், திரையுலகின் பி. ரம்லியும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள். இன்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் உட்காரும் குழந்தைக்கும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்தே தொடங்குகின்றன. 2011-இல் அறிமுகமான தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் ஆங்கிலத்தை எழுத்தின் பெயரால் இல்லாமல் ஒலியால் தொடங்கச் சொன்னது. 'பீ' என்பது அந்த எழுத்தின் பெயர், 'ப்' என்பதுதான் அதன் வேலை என்று ஆறு வயதுக் குழந்தைக்குப் புரியவைக்கும் முறை அது. 'அ' என்ற எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்றாகவே இருக்கும் மொழியிலிருந்து வரும் குழந்தைக்கு இதுவே பெரிய புதிர்தான்.

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். மொழியியல் நூல்கள் சிலபிளை 'அசை' என்று மொழிபெயர்க்கின்றன. யாப்பு படித்தவர்களுக்கு உடனே தேமா, புளிமா நினைவுக்கு வரும். ஆனால் அந்த அசை வேறு, இந்த சிலபிள் வேறு. 'மலர்' என்பது யாப்பில் ஒரே அசை, நிரையசை; குறிலோடு அடுத்த எழுத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவது யாப்பின் முறை. ஆங்கிலக் கணக்கில் அது 'ம-லர்', இரண்டு. 'பினாங்கு' யாப்பில் நிரையும் நேரும் சேர்ந்த புளிமா. அசை இரண்டுதான், சிலபிளோ மூன்று. அதனால் இங்கே சிலபிள் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

யாப்பு கைகொடுக்காவிட்டாலும் தமிழ் எழுத்து நன்றாகவே கைகொடுக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி, புள்ளி வைத்த எழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணினால், பெரும்பாலும் அதுதான் சிலபிள் கணக்கு. 'கம்ப்யூட்டர்': க, யூ, ட, மூன்று. 'அக்காமடேஷன்': அ, கா, ம, டே, ஷ, ஐந்து. வலிமையைப் பன்மையில் சொல்லும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அதைத் தமிழில் எழுதினால் புள்ளி மழை பெய்தது போல இருக்கும். புள்ளியில்லாமல் நிற்பது 'ரெ' ஒன்றே. ஒன்பது எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு சிலபிளும் ஒன்றேதான். நான்கே எழுத்துள்ள 'ஏரியா'வுக்கோ மூன்று.

புள்ளிக் கணக்கு தவறும் இடங்களும் உண்டு. 'டவுன்' என்று எழுதினால் ட, வு என்று இரண்டு வருகிறது; ஆங்கிலக் காதுக்கு அது ஒன்றுதான். 'ஹவுஸ்', 'அவுட்' எல்லாமே இப்படித்தான். 'ஔ' என்ற எழுத்தை நாம் ஔவையாருக்கும் ஔடதத்துக்கும் ஒதுக்கிவைத்துவிட்டதால் வந்த வினை இது; 'ஹௌஸ்' என்று எழுதினால் கணக்கு சரியாகிவிடும். 'ஆயில்' இன்னொன்று. நாம் அதை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறோம், இங்கிலாந்துக்காரர் ஒன்றாக வழுக்கிவிடுகிறார். ஆக 'ஜார்ஜ் டவுன்' தமிழில் மூன்று, ஆங்கிலத்தில் இரண்டு.

சொல்லின் தொடக்கத்திலோ முடிவிலோ இரண்டு மூன்று மெய்கள் நெருக்கியடித்து நிற்பது தமிழுக்கும் பிடிக்காது, மலாய்க்கும் பிடிக்காது. ஸ்கூலுக்குப் போகிற தாத்தா 'இஸ்கூல்' என்று முன்னால் ஒரு படி கட்டி ஏறுவார். மலாய் நடுவில் ஆணி அடிக்கும்: கிளப் அங்கே 'கெ-லாப்', ஸ்டாம்ப் 'செ-தெம்', ஃபிலிம் 'ஃபி-லெம்'. ஆங்கிலத்தில் ஒன்றாக இருந்த சொற்கள் மலாயில் இரண்டாகி, எழுத்திலும் அப்படியே நிலைத்துவிட்டன. (நாமும் 'ஃபிலிம்' என்று இரண்டாகத்தான் எழுதுகிறோம், ஆங்கிலத்தில் 'எல்'லுக்கும் 'எம்'முக்கும் நடுவே உயிர் ஏதும் இல்லை.) ஜப்பானியர் இந்த விஷயத்தில் எல்லோரையும் மிஞ்சியவர்கள். 'ஸ்டிரைக்' என்ற ஒரு சிலபிள் சொல் அவர்கள் வாயில் 'சு-தொ-ரா-இ-கு' என்று ஐந்து தட்டு தட்டும். இதையெல்லாம் பிழை என்று சிரிப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு மொழியும் வந்த விருந்தாளியைத் தன் வீட்டு நாற்காலியின் அளவுக்கு உட்காரவைக்கிறது. ஆனால் ஆங்கிலத்தையே பேசும்போது அந்தக் கூடுதல் உயிர்கள் இடறும்.

அதிகம் இடறுவது இறந்தகாலத்தில். நடந்ததைச் சொல்லும் 'வாக்ட்' ஒரே சிலபிள். எழுத்தில் கடைசியில் 'இ', 'டி' என்று இரண்டு எழுத்து நிற்பதைப் பார்த்துப் பலர் 'வாக்-கெட்' என்று இரண்டாக்கிவிடுகிறார்கள். விதி எளியது: மூலச்சொல் 'ட்' ஒலியில் முடிந்தால் மட்டும், அது வன்மையான டகரமாக இருந்தாலும் மென்மையானதாக இருந்தாலும், புதிய சிலபிள் பிறக்கும்: 'வான்-டெட்', 'நீ-டெட்'. மற்ற எல்லா இடத்திலும் அந்த 'இ' ஊமை.

சிலபிளை எண்ணிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஆங்கிலத்தில் எல்லாத் துண்டுக்கும் ஒரே எடை கிடையாது. 'பனானா'வில் எழுத்துப்படி மூன்று உயிரும் ஒரே 'ஏ'தான். நடுவில் இருப்பது மட்டும் நன்றாக நீண்டு அழுத்தமாக வரும். முதலும் கடைசியும் வாயைத் திறந்தும் திறக்காமலும் மங்கிப்போகும். இந்த மங்கல் உயிர் தமிழருக்கு அந்நியம் என்று சொல்வார்கள். முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. 'பாக்கு', 'காற்று' என்று சொல்லும்போது கடைசி உகரம் முழு உகரமாக ஒலிப்பதில்லை. அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, ஒரு மாத்திரையில் பாதியை வெட்டி அரை மாத்திரை என்று அளந்தும் கொடுத்தவர்கள் நம் இலக்கணக்காரர்கள். இடத்தைப் பொறுத்து உயிர் சுருங்கும் என்பது தொல்காப்பியத்துக்கே தெரியும். ஆங்கிலம் அதே சுருக்கலைச் சொல்லின் முதல், நடு, கடை என்று எங்கே அழுத்தம் இல்லையோ அங்கெல்லாம் செய்கிறது, அவ்வளவுதான்.

அழுத்தம் ஓர் இடத்தில் நிற்காமல் நகர்வதுதான் தலைவலி. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் துண்டு கனம். 'ஃபொடாக்ரஃபி' ஆனதும் கனம் இரண்டாவதற்குத் தாவுகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' ஆனால் மூன்றாவதற்கு. ஒரே குடும்பத்துச் சொற்கள்தான், ஆனால் மாலை ஒவ்வொரு தடவையும் வேறு கழுத்தில் விழுகிறது. 'டெவலப்' என்று முதல் துண்டை அழுத்திச் சொல்கிறவர்களை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் பார்க்கலாம், சென்னையிலும் பார்க்கலாம். ஆங்கிலேயர் இரண்டாவதை அழுத்தி 'டிவெலப்' என்பார். மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் எல்லாத் துண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை, ஒரே நேரம் கிடைக்கும் போக்கு உண்டு. சிங்கப்பூர் ஆங்கிலத்தின் உயிர் நீளங்களை அளந்து, பிரிட்டிஷ் ஆங்கிலத்தைவிட அது சமன்பட்டு ஒலிக்கிறது என்று காட்டிய ஆய்வு ஒன்று 2000-இல் வந்தது. வண்டிச் சக்கரம் போல ஒரே சீராக உருளும் இந்த ஆங்கிலத்துக்கு ஓர் அழகு உண்டு. உள்ளூரில் யாருக்கும் அது புரியாமல் போவதுமில்லை. வெளியூர்க் காதுக்குத்தான் எந்தச் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடாது.

இதுவரை பார்த்தது வாய்க்கான வெட்டு. எழுதும் கைக்கு வேறு வெட்டு வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன.

புதன்கிழமையை வாய் 'வென்ஸ்-டே' என்று இரண்டாகச் சொல்கிறது. அப்படியே எழுதப் போனால் நடுவில் இருக்கும் 'டி' காணாமல் போய்விடும். அதனால் எழுத்துக்கூட்டக் கற்கும் பிள்ளைகள் வேண்டுமென்றே தவறாக, 'வெட்-நெஸ்-டே' என்று மூன்றாக மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுதுவார்கள். சாக்லேட் வாய்க்கு இரண்டு, கைக்கு 'சாக்-கோ-லேட்' என்று மூன்று. 'கம்ஃபர்டபிள்' வாய்க்கு மூன்று போதும், கைக்கு நான்கு. தங்குமிடத்தைச் சொல்லும் அக்காமடேஷனை 'அக்-காம்-மோ-டே-ஷன்' என்று வெட்டினால், இரண்டு 'சி'யும் இரண்டு 'எம்'மும் தாமாகவே வெளியே வந்து நிற்கும். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களையே காலங்காலமாக ஏமாற்றிவரும் சொல் அது.

கைக்கான வெட்டில் மிகவும் பயன்படுவது இரட்டை மெய்யின் கணக்கு. ஒரு சிலபிள் உயிரில் முடிந்தால் அது திறந்த சிலபிள். அங்கே உயிர் பெரும்பாலும் நீளும். மெய்யில் முடிந்தால் அது மூடிய சிலபிள், உயிர் குறுகும். சாப்பிடுகிறவரைச் சொல்லும் 'டை-னர்' ஒற்றை 'என்' கொண்டது, முதல் துண்டு திறந்து கிடக்கிறது. சாப்பாட்டைச் சொல்லும் 'டின்-னர்' இரட்டை 'என்'. ஒரு 'என்' முன் துண்டின் கதவைச் சாத்துகிறது, மற்றது பின் துண்டைத் தொடங்குகிறது. காற்புள்ளியைக் குறிக்கும் 'கமா'வுக்கு இரண்டு 'எம்'. அதில் ஒன்றை விட்டுவிட்டால் 'கோமா'. வாக்கியம் மூச்சு வாங்க நின்ற இடத்தில் நினைவிழந்து விழுந்துவிடும்.

இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு என்று ஒரு தனிப் பொறி இருக்கிறது. தமிழிலும் இரட்டை மெய் உண்டு, ஆனால் அதன் வேலை வேறு. 'லெடர்' என்று ஒற்றை டகரம் போட்டு எழுதினால் அது மென்மையாகத் தோலைக் குறிக்கும் 'லெதர்' பக்கம் போவது போல ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவே ஒற்றை வல்லினம் தமிழில் மெலிந்துவிடும். அந்த வல்லோசையைக் காப்பாற்றத்தான் 'லெட்டர்', 'ரப்பர்', 'பட்டன்', 'பேப்பர்' என்று இரட்டிக்கிறோம். லெட்டருக்கும் ரப்பருக்கும் ஆங்கிலத்திலும் இரட்டை மெய் இருப்பதால் பிழை வெளியே தெரிவதில்லை. பேப்பரில் தெரிந்துவிடும். அது 'பே-பர்', திறந்த சிலபிள், ஒற்றை 'பி'. தமிழ்க் காதை நம்பி எழுதும் பிள்ளை அதில் இரண்டு 'பி' போடும். பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். உண்மையில் அது தமிழ் எழுத்துமுறையின் விதியைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. நம் இரட்டை மெய் தன் ஒலியைப் பற்றிப் பேசுகிறது. ஆங்கிலத்தின் இரட்டை மெய் தனக்கு முன்னால் நிற்கும் உயிரைப் பற்றிப் பேசுகிறது. இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாலே பல சிவப்புச் சுழிகள் மிச்சமாகும்.

விதிக்கு அடங்காதவையும் இருக்கின்றன. ரிவர், லெமன், ஹாபிட் எல்லாவற்றிலும் ஒற்றை மெய்தான், இருந்தும் உயிர் குறுகியே ஒலிக்கிறது. புதுச்சொல் ஒன்று எதிர்ப்பட்டால் முதலில் டைகரைப் போலத் திறந்து வாசித்துப் பார், தெரிந்த சொல்லாக ஒலிக்கவில்லையென்றால் ரிவரைப் போல மூடிப் பார் என்பதுதான் ஆசிரியர்கள் தரும் யோசனை. இது விதியைவிட நேர்மையானது.

வாய்க்கும் கைக்கும் அப்பால் மூன்றாவது வெட்டு ஒன்றும் இருக்கிறது, அச்சுக்கோப்பவருடையது. ஆங்கில அகராதியில் சொல்லின் நடுவே தெரியும் புள்ளிகளைப் பலர் உச்சரிப்புப் புள்ளிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க அகராதிகளில் அவை பெரும்பாலும் வரியின் ஓரத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறிகள். தமிழ் அச்சில் இந்தக் கவலை இல்லை; புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்ற ஒரு கட்டுப்பாட்டோடு எங்கே வேண்டுமானாலும் மடக்கலாம். ஆங்கிலத்தில் அப்படி மடக்கினால் கொலைக்குற்றத்தைச் சொல்லும் 'மேன்ஸ்லாட்டர்' உடைந்து 'மேன்ஸ் லாஃப்டர்', அதாவது 'மனிதனின் சிரிப்பு' ஆகிவிடும். காளமேகம் பார்த்திருந்தால் பிரிமொழிச் சிலேடை என்று கொண்டாடியிருப்பார்.

எங்கே உடைப்பது என்பதில் ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 1783-இல் தன் எழுத்துக்கூட்டல் நூலை வெளியிட்ட அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் நூல்கள் 'ஹா-பிட்' என்று பிரித்ததைக் கண்டித்து, காது கேட்கிறபடி 'ஹாப்-இட்' என்று பிரிக்கச் சொன்னார். 'நாலெட்ஜ்' என்ற சொல்லை அமெரிக்கர் 'எல்' எழுத்துக்குப் பின்னால் வெட்டுவார்கள். பிரிட்டிஷ் மரபு, அறிதலைக் குறிக்கும் வேர்ச்சொல் சிதையக் கூடாது என்று 'எல்'லுக்கு முன்னாலேயே வெட்டும். கணினிக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க்ளின் லியாங். அவருடைய 1983 ஆய்வேட்டிலிருந்து வந்த முறை, ஏறக்குறைய 4,500 எழுத்துக் கோலங்களை வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களை உடைக்கிறது. அதற்கும் மிஞ்சி அடங்காத சொற்களுக்கு ஒரு குட்டிப் பட்டியல், மொத்தமே 14. 'பிரசன்ட்', 'புராஜெக்ட்' இரண்டும் அதில் உண்டு, உடைக்கவே கூடாது என்ற கட்டளையோடு. பரிசு என்ற பொருளில் பிரசன்ட் ஓரிடத்தில் உடையும், வழங்கு என்ற பொருளில் இன்னோரிடத்தில் உடையும். எது எந்தப் பொருள் என்று கணினிக்குத் தெரியாது. அதனால் தொடாமலே விட்டுவிட்டார்கள்.

ஜார்ஜ் டவுனிலும் தொடாமல் விட வேண்டிய பெயர்கள் உண்டு. தீவின் துணை ஆளுநராக இருந்தவரின் பெயரைச் சுமக்கும் ஃபார்குவார் தெருவுக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, வாய்க்கு 'ஃபார்-கர்' என்று இரண்டே துண்டு. கடலோரச் சாலைக்கு வெல்ட் என்ற ஆளுநரின் பெயர். அதோடு ஒட்டி நிற்கும் படகுத்துறையைக் குறிக்கும் சொல் நான்கு எழுத்து. எழுத்துக்கூட்டி வாசித்தால் 'க்வே' என்று வரும். ஆங்கிலேயர் அதைச் சாவியைச் சொல்வது போல 'கீ' என்றார்கள். வாய்க்கான வெட்டும் கைக்கான வெட்டும் அங்கே வேலை செய்யாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதைய பெயர்ப்பலகையில் அந்தச் சொல்லும் இல்லை. 'பெங்-கா-லான் வெல்ட்' என்று, சிலபிள் சிலபிளாக வாசிக்க முடிந்த மலாய்ப் பெயர்தான் அங்கே எழுதியிருக்கிறது.